ரெட்டைத் தும்மல்

கமுதிக்குத் தெற்கே எங்கள் ஊரில் தண்ணீரைத் தேடி மனிதன் போக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் தண்ணீர் மனிதனைத் தேடி வருகிறது. வாய்க்காலில் ஓடுகிறது, வயலில் நிற்கிறது, சுவரில் ஏறுகிறது, சட்டைப் பையிலிருக்கும் தீப்பெட்டியைக்கூட நமுத்துப்போக வைக்கிறது. வண்டியின் காற்று டாங்குக்குள்ளும் அது வந்து உட்காரும் என்பதை இந்த ஐப்பசியில் பார்த்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி ஓட்டினேன், ஆம்னி பஸ் ஓட்டினேன், அரபு நாட்டில் கம்பெனி ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டினேன். ஒரே ஊரில் தொடர்ந்து இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். இப்போது வாடகைக்கு விடும் ஒரு கேரவனை ஓட்டுகிறேன். சினிமாக்காரர்கள் வைத்திருப்பதைப் போன்றதுதான். ஆனால் பழைய ஆம்னி பஸ் ஒன்றைக் குடைந்து வீடாக்கியது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. லாரிக்கு அடியில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்குமே, அவை இதற்குக் கிடையாது. பட்டைக்குப் பதில் தடித்த ரப்பர் பலூன்கள். வண்டி காற்றின் மேல் உட்கார்ந்து போகும். சாலையில் பள்ளம் வந்தால் டிரைவருக்குத் தெரியும், கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியாது.

அந்தக் காற்றுக்காகத்தான் கலியபெருமாள் என் வண்டியைப் பிடித்தார். குத்தாலம் பக்கத்து விவசாயக் குடும்பம். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் திருகாணி போட்டிருந்தார்கள். சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் மனைவி வசந்தாவோடு கிடந்தார். பெல்ட் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்து உட்காரலாம், பிடித்துக்கொண்டு நாலடி நடக்கலாம். வண்டி குலுங்கினால் மட்டும் தாங்காது.

ஊரில் அவருடைய தங்கை மலரின் மகள் யாழினிக்குக் காது குத்தாமல் நின்றிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும், அந்த மாமன் இவர் ஒருவர்தான். ஒன்றுவிட்ட அண்ணன் மடி போதும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்களாம். மலர் கேட்கவில்லை. பிள்ளை இனிப் பெரிதாகிவிடும் என்று ஒருவழியாக நாள் குறித்துவிட்டார்கள். டாக்டர், குலுங்காமல் போவதானால் போகலாம் என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்குக் கலியபெருமாள் சொன்ன பதிலை வசந்தா என்னிடம் சொன்னார்: "காது குத்துக்கு ஆம்புலன்ஸ்ல போய் எறங்குனா, வர்றவன் மாலையோட வருவான்."

குலுங்காத பெரிய சாலையாகப் பார்த்துச் சுற்றி வந்ததில், தஞ்சாவூரில் மலரின் கணவர் செந்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார். வழி காட்டவும், மாமன் சீர் வாங்கவும். சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நெல் சாகுபடி செய்கிறவர். டிராக்டரும் வைத்திருக்கிறார், அதனால் எந்த வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்கும் பழக்கம் உண்டு. வசந்தாவும் அவரும் கடைத்தெருவுக்குப் போய்ப் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, எவர்சில்வர் தாம்பாளங்கள் என்று அள்ளி வந்தார்கள். நான் எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரை வாளியோடு பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் கரண்டிக்கு ஒரு பார்வை பார்ப்பார்கள்.

புறப்படும்போது வசந்தா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நான் இன்ஜினை ஓடவிட்டு, காற்று ஏறும்வரை காத்திருந்தேன். கியரில் கை வைத்த நேரத்தில் வண்டி தும்மியது.

தும்மல் என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். டாங்குக்குப் போகும் வழியில் ஏர் டிரையர் என்று ஒரு டப்பா, அதற்குள் கல் உப்பு மாதிரி மணிகள். அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாங்க் நிறைந்ததும் டிரையர் தன் அடிவாய் வழியாக ஈரத்தை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். 'ப்ஸ்ஸ்' என்று பக்கத்தில் நிற்பவர் துள்ளும் அளவுக்குச் சத்தம் வரும். காய்ந்த காற்று முதலில் பிரேக்குக்குப் போகும், பிறகுதான் பலூனுக்கு.

"நிறுத்துங்கண்ணே," என்றார் வசந்தா.

நிறுத்தினேன். கணவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், தானும் குடித்தார், என்னையும் குடிக்கச் சொன்னார். ஒற்றைத் தும்மல் தடை. கூடவே இன்னொன்று வந்தால் பரவாயில்லை, தடை நீங்கிவிடும். ஒன்றோடு நின்றால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் ஊரிலும் உள்ளதுதான், ஆனால் வண்டியின் தும்மலை யாரும் கணக்கில் சேர்த்து நான் பார்த்ததில்லை. டிரையர் என்ன செய்கிறது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, கணவர் கண் மூடியிருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று வாசலில் யாரோ ஒற்றையாகத் தும்மினார்களாம். இவர் உட்காரச் சொல்லியிருக்கிறார். பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

"ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போயிருந்தா," என்றவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

கலியபெருமாள் தூங்கவில்லை என்பது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. செந்தில் சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வசந்தாவின் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

வழியெல்லாம் குறுவை நெல். வெயில் எட்டிப் பார்த்த ஒரு பொழுதைப் பிடித்து, சாலையின் பாதியை அடைத்துக் காயப் போட்டிருந்தார்கள். பெண்கள் காலாலேயே கோடு கோடாகத் துழாவி விட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் மிளகாய் காயும், அதைத் தாண்டும்போது டிரைவர் தும்முவார். இங்கே நெல் காய்கிறது, வண்டி தும்முகிறது. செந்திலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். அவருடைய நெல்லும் கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதல் என்று நிற்கிறதாம்.

"நெல்லு காயிற மாதிரி காத்தும் காயணுமாண்ணே?"

ஆமாம் என்றேன். நான் விளக்கியது புரிந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மதியம் சாப்பிட நிறுத்திய இடத்தில், அந்தத் தும்மல் சரியாக எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். குனிந்து விரலை நீட்டிக் காட்டிவிட்டு நான் கை கழுவப் போனேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கு அடியில் எங்கோ மெல்லிய சீறல் கேட்டது. மழை இரைச்சல் என்று விட்டுவிட்டேன். வண்டி மதியத்துக்குப் பிறகு தும்மவே இல்லை என்பதும் என் காதில் விழவில்லை. இருக்கும் சத்தம் கேட்கும். இல்லாத சத்தம் எப்படிக் கேட்கும்?

ஒரு நாளைக்குச் சில மணி நேரத்துக்கு மேல் அவரைக் கொண்டுபோகக் கூடாது. பள்ளமில்லாத வழியாகச் சுற்றி வந்து, நன்னிலத்துக்குப் பக்கத்தில் செந்திலின் கூட்டாளி ஒருவருடைய சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம்.

விடிந்ததும் கலியபெருமாள்தான் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. "அண்ணே, நான் சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். கொஞ்சம் என்னை நிமுத்துங்க."

வண்டியின் பின்பக்கம் வலது மூலை தரையைப் பார்த்துத் தொங்கியது. கட்டில் சரிந்ததில் அவர் உடம்பு முழுக்க ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வசந்தா அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் தலையணைகளைச் செருகிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்த கலியபெருமாளின் முகத்தில் வேர்வை. மறுநாள் உச்சிக்கு முன் நல்ல நேரம். இப்படிச் சாய்ந்த வண்டியில் அவரைக் கொண்டுபோக முடியாது, வேறு எதிலும் கொண்டுபோக முடியாது.

இன்ஜினைப் போட்டேன். முன்பக்கம் எழுந்தது, இடது பின்பக்கம் எழுந்தது, வலது மூலை மட்டும் மாடு படுத்துக்கொண்ட மாதிரி அசையவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, தென்னங்கட்டைகளைச் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். கட்டில் மட்டத்துக்கு வந்தது. காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் முட்டில்லாமல் நுழையக் கூடாது. பலூன் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. அரபு நாட்டில் அப்படி நுழைந்த ஒருவருடைய இடத்துக்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

அதற்குள் செந்தில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அறுவடை மிஷின் மெக்கானிக்கைப் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். சண்முகம் என்று பெயர், நல்ல கலகலப்பான மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பலூன்லாம் திருவிழாவுல விக்கிறதுங்க. எடுத்துக் கடாசிட்டுப் பட்டை போட்டுத் தர்றேன். காலத்துக்கும் நிக்கும்."

ஜன்னலுக்குள்ளிருந்து கலியபெருமாள், "பட்டைய நெத்தியில போடச் சொல்லுங்க. என் முதுகுக்கு அடியில வேணாம்," என்றார்.

சண்முகம் சிரித்துவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

துணி சோப்பைக் கரைத்துப் பலூனிலும் குழாய் மூட்டுகளிலும் தடவினேன். ஓட்டை இருந்தால் நுரை கொப்புளிக்கும். எங்கும் கொப்புளிக்கவில்லை. பலூன் நல்ல பலூன்தான், அதற்குக் காற்றுதான் வரவில்லை. சக்கர அச்சுக்குப் பக்கத்தில் சின்னக் கைபோல ஒரு கம்பியோடு லெவலிங் வால்வு இருக்கும். வண்டி தாழ்ந்தால் காற்றைத் திறந்துவிடும், உயர்ந்தால் வெளியேற்றும். வாய்க்காலுக்கு மடை எப்படியோ அப்படி. கம்பியைக் கையால் தள்ளிப் பார்த்தேன், வால்வு இறுகிக் கிடந்தது.

பிறகு டாங்குக்கு அடியில் தொங்கும் வளையத்தை இழுத்தேன். தினமும் காலையில் அதை ஒரு தடவை இழுத்துவிட வேண்டும், சரியான வண்டியில் வெறும் காற்று வரும், அதிகம் போனால் நாலு சொட்டு. அன்று கழுநீர் மாதிரி வெள்ளையாக, எண்ணெய் கலந்து, என் முழங்கைவரை நனைத்துக்கொண்டு கொட்டியது. பாலைவனத்தில் வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறேன். அங்கே எதிரி தூசி, அதைத் தட்டி எறியலாம். காற்றே ஈரமாக இருக்கிற தேசத்தில் என்ன செய்வது என்று நினைத்தபடி டிரையருக்கு அடியில் தலையைக் கொண்டுபோனேன்.

டிரையரின் வாயில் களிமண். சும்மா தெறித்த சேறு அல்ல. வைக்கோலைப் புரியாக முறுக்கித் திணித்து, அதன் மேல் களிமண்ணைக் குழைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பூசியிருந்தது. சூட்டில் காய்ந்து சுட்ட செங்கல்லாகியிருந்தது. விரல் ரேகைகூடத் தெரிந்தது.

அதைத் தோண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. செந்தில் என் கையைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"நான்தாண்ணே. அக்கா மொகத்தப் பாக்க முடியல. வரப்புல நண்டு வளை போட்டா எப்புடி அடைப்போமோ, அப்புடி அடைச்சிட்டேன். தும்மல் மட்டும்தான் நிக்கும்னு நெனச்சேன்."

சண்முகம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடைப்பு நல்ல அடைப்பு, ஆத்துத் தண்ணிக்கே நிக்கும் என்றார். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பினால் வலி வந்தது. "சிரிக்க வைக்காதீங்கடா, திருகாணி கழண்டுரும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. டிரையர் மணிகள் ஏற்கெனவே பழசு. வண்டி முதலாளி மாற்றித் தராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வால்விலும் பழைய எண்ணெய் வண்டல் இருந்திருக்கும். வெளியே போக வழி இல்லாத ஈரம் உள்ளே போய் அந்த வண்டலைக் குழைத்து வால்வைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் நான் கேட்ட சீறல், வழி அடைபட்டு மிஞ்சிய காற்று சேஃப்டி வால்வைத் திறந்து ஓடிய சத்தம். நண்டு வளையை அடைத்தவருக்கு இது எப்படித் தெரியும்?

வசந்தா படியிறங்கி வந்து களிமண் கட்டியைப் பார்த்தார்.

"இதனாலயா அவரு சாஞ்சாரு?"

ஆமாம் என்றேன். மெழுகிச் சொல்லத் தெரியவில்லை. தும்மாவிட்டால் வண்டிக்கு நோய் என்றும், அந்த ஈரம் பிரேக்குக்கும் போகும் என்றும், அடைத்து வைத்து இனி ஒரு மைல்கூட ஓட்ட மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வயல் பக்கம் திரும்பினார். பச்சைக்கு மேல் கொக்குகள் உட்கார்ந்திருந்தன.

"அப்பத் தும்மட்டும். ஒத்தையா மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டிரையருக்குப் புது மணி டப்பா வாங்கக் கும்பகோணத்துக்குச் செந்தில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சண்முகமும் நானும் வால்வைக் கழற்றினோம். அதற்குள் இருந்தது பார்ப்பதற்குப் பழைய நெய் மாதிரி இருந்தது. கழுவி, துடைத்து, கம்பி ஆடுகிறதா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தோம். காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாக ஊதிக் காயவைத்தோம். பலூன்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். சண்முகம் டீசலில் நனைத்த துணியை நீட்டினார், வேண்டாம் என்றேன். டீசல் பட்டால் ரப்பர் ஊறிவிடும்.

இதற்கிடையில் கேரவன் வந்திருக்கிறது என்று ஊர் கூடிவிட்டது. எந்த நடிகர் என்று ஒரு பெண் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கலியபெருமாள் ஜன்னல் திரையை விலக்கி, கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினார். கும்பல் ஒரு கணம் நம்பியது. பிறகு ஒரு கிழவர், "இது நம்ம செந்தில் மச்சானுல்ல," என்றார். நடிகர் இல்லை என்று தெரிந்த பிறகும் யாரும் போகவில்லை. முதுகைப் பற்றி விசாரித்தார்கள், சிங்கப்பூரில் பணம் கொடுத்தானா என்று கேட்டார்கள், ஒருவர் எண்ணெய் வைத்தியம் சொன்னார். களத்துக்காரர் வீட்டிலிருந்து வயல் நண்டு ரசம் வந்தது. நல்ல மிளகு. வரப்பில் வளை போட்ட நண்டுதானே என்று நான் கேட்டதற்கு, அதே நண்டுதான், பழியை அதுகிட்டயே தீத்துக்குங்க என்றார் அந்த வீட்டு அம்மாள்.

செந்தில் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். உரச்சாக்கைப் பிரித்து, அதற்குள் பாலிதீன் பையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மாட்டி முடித்து இன்ஜினைப் போட்டோம். காற்று மீட்டரில் முள் ஏறியது. வலது மூலை மெல்ல எழுந்து கட்டைகளை விட்டு விலகியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள், எனக்கோ காதுதான் வேலை செய்தது. தும்மியது. நல்ல கனமான, ஆரோக்கியமான தும்மல். வசந்தா கதவில் நின்று என்னைப் பார்த்தார். நான் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். மிதிக்க மிதிக்க டாங்கில் காற்று குறையும், குறைந்தால் கம்ப்ரசர் மறுபடியும் நிரப்பும், நிரம்பினால் மறுபடியும் தும்மும். கால் வலிக்கும் நேரத்தில் இரண்டாவது வந்தது. வசந்தா தலையை ஆட்டினார்.

"தும்மலக்கூட ஜோடி சேத்துத்தான் விடுவா," என்றார் கலியபெருமாள்.

மறுநாள் காலை டாங்க் வளையத்தை இழுத்தேன், இரண்டு சொட்டு. வண்டி மட்டமாக நின்றது. ரெட்டைத் தும்மல் போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஊருக்குள் திரும்பும் இடத்தில் முதுகு வளைந்த ஒரு மதகு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஏற்றவும் இறக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. பலூன்களை முழுக்க ஊதி, வயிற்றை எக்கிக்கொண்டு நடப்பவனைப் போல அதன் மேல் ஏறி இறங்கினேன். உள்ளே டம்ளர் தண்ணீர் சிந்தவில்லை என்று வசந்தா சொன்னார்.

வீட்டு வாசலில் பந்தல். வாழை மரங்களுக்கு நடுவே வண்டியின் பக்கத்துக் கதவு வரும்படி நிறுத்தினேன். மலர் ஓடி வந்தார், அண்ணனைத் தொட வழியில்லாமல் வண்டியின் தகட்டைத் தொட்டுக்கொண்டு அழுதார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். மாமனை அவள் செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கதவருகே சாய்வு நாற்காலியில் நாங்கள் அவரை உட்கார வைத்ததும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "மாமாவுக்குக் காலெல்லாம் இருக்கு."

"இருக்கு தங்கம். வேலைதான் பாக்க மாட்டேங்குது," என்றார் கலியபெருமாள். "மடி நல்லாருக்கு. வந்து பாரு."

கீழே இறங்கி மணையில் உட்கார அவரால் ஆகாது. அதனால் அவர் வண்டியிலேயே இருக்க, காது குத்தும் பத்தர் கீழே நின்று குத்துவது என்று ஏற்பாடு. பத்தர் குள்ளமான மனிதர். குழந்தை மடியில் ஏறியதும் காது அவருக்கு எட்டவில்லை. முக்காலி போட்டால் கை ஆடும் என்றார். நான் சுவிட்சை அழுத்தினேன். வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பந்தலே ஓவென்றது. பத்தர் மட்டும், சலூன் நாற்காலி பார்த்துப் பழகியவர் போல, இன்னும் ரெண்டு விரக்கடை இறக்குங்க என்றார், பிறகு ஒரு விரக்கடை ஏத்துங்க என்றார். ஏற்றினேன். நிலை மாறாமல் நிற்கட்டும் என்று இன்ஜினை ஓடவே விட்டேன்.

முதல் காது நொடியில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. வீறிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, குதிகாலால் மாமன் வயிற்றில் உதைத்தாள். கண்ணாடியில் கலியபெருமாளின் முகம் வெளுத்துப்போவது தெரிந்தது. வசந்தா நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தார். கலியபெருமாளோ பிள்ளையைப் பிடித்த பிடியை விடவில்லை. மறுபடியும் உதை. பத்தர் தங்கக் கம்பியோடு காத்து நின்றார், தலை ஆடினால் அவரால் குத்த முடியாது. யாரோ போதும், இன்னொன்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கலியபெருமாள், "குத்துங்க," என்றார்.

அப்போது வண்டி தும்மியது.

நான் ஏற்றி இறக்கியதில் குறைந்த காற்றைக் கம்ப்ரசர் நிரப்பி முடித்திருந்தது, அவ்வளவுதான். யாழினி வாயைத் திறந்தபடி அப்படியே அசையாமல் இருந்தாள். பத்தர் அனுபவசாலி, அந்த நொடியில் கம்பி உள்ளே போய்விட்டது. இரண்டாவது காது குத்தியதே பிள்ளைக்குத் தெரியாது.

ஆனால் பந்தல் அடங்கிவிட்டது. நன்னிலத்துக் கதை எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. ஒற்றைத் தும்மல், அதுவும் நல்ல நேரத்தில், அதுவும் கம்பி நுழையும்போது. மலரின் கை மஞ்சள் கிண்ணத்தில் நின்றது. செந்தில் என்னைப் பார்த்தார். நான் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தேன். முள் சாவகாசமாக இறங்கியது. எத்தனை மிதித்தாலும் உடனே வருகிற விஷயம் இல்லை அது. கண்ணாடியில் எல்லாத் தலைகளும் வசந்தாவின் பக்கம் திரும்பியிருந்தன.

வசந்தா கணவரின் தோளிலிருந்து ஒரு கையை எடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அச்," என்றார்.

யாரும் நம்பக்கூடிய தும்மல் இல்லை. கலியபெருமாள் வலியோடு தலையைத் திருப்பி மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"பொய்த் தும்மல் கணக்குல வருமா?"

"வண்டி தும்முனது மட்டும் நெசத் தும்மலா?" என்றார் வசந்தா. "நீங்க பிள்ளையப் பிடிங்க. மலரு, மஞ்சள வையி."

முதலில் சிரித்தவர் பத்தர். பிறகு மேளக்காரருக்கு வாசிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

அவர்கள் இருவரும் இனி ஊரிலேயே இருப்பதாக முடிவு. பந்தியில் எனக்கு இரண்டு தடவை வடை வைத்தார்கள், சண்முகமும் வந்து பட்டை விஷயத்தை மறுபடி எடுத்தார். மறுநாள் காலை காலி வண்டியோடு புறப்பட்டேன். டாங்க் வளையத்தை இழுக்கக் குனிந்தால் செந்தில் ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தார், தரையில் சின்ன ஈரம். இன்ஜினைப் போட்டு, காற்று ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளே ஜன்னல் ஓரக் கட்டிலில் கலியபெருமாள் கையைத் தூக்கினார், நடிகர் மாதிரி.

வண்டி தும்மியது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் வாசற்படியிலிருந்து, காதில் மஞ்சள் பூசிய மொட்டைத் தலை, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அச்," என்றது.

கியரைப் போட்டேன்.